அச்சேறும் முன் ஓர் உரைகல்



சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை அறியாத தோட்டத்துக் குடும்பம் நம்மிடையே குறைவு. தீபாவளிக்குத் துணி எடுக்கவும், கலியாணத்திற்கு நகை வாங்கவும் ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து பாலம் கடந்து தேக்காவுக்குப் போய்வந்த கதைகளை வீட்டுப் பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். நகையைக் கையில் வாங்கும் பத்தர் அதன் மினுக்கைப் பார்த்து விலை சொல்வதில்லை. உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பார். கொண்டுவந்தவர் பெரிய முதலாளியா, பால்வெட்டுத் தொழிலாளியா என்பது அந்தக் கல்லுக்குத் தெரியாது. பொன் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்பதை மட்டுமே அது சொல்லும்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அறிவை உரைத்துப் பார்க்கும் கல்லைப் பற்றி. "ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்களாம்" என்னும் பேச்சு இப்போது நம் வீட்டு வாசல்வரை வந்துவிட்டது. இந்த மருந்து நல்லது, அந்த ஊசி கெடுதல், இந்தக் களைக்கொல்லியால் ஆபத்தில்லை என்று யார் யாரோ சொல்கிறார்கள். அப்படிச் சொல்லப்படும் ஆராய்ச்சியை யார் சரிபார்த்தார்கள்? சரிபார்த்தவர் நேர்மையானவர்தானா? இந்தக் கேள்விகளுக்கு உலகம் விடை தேடிய வரலாற்றில் சிங்கப்பூருக்கு ஒரு தனி இடம் உண்டு.

ஆராய்ச்சி செய்கிறவர் தாம் கண்டதைக் கட்டுரையாக எழுதி, அத்துறை அறிஞர்கள் படிக்கும் இதழுக்கு அனுப்புவார். அதற்கு ஆய்விதழ் என்று பெயர். செய்தித்தாள் போல அன்றாடம் வருவதன்று, கடைகளில் தொங்குவதுமன்று. ஆயினும் மருத்துவர் எழுதித் தரும் மருந்தும், விவசாய இலாகா பரிந்துரைக்கும் உரமும், அரசாங்கம் போடும் சட்டமும் அந்த இதழ்களில் வந்த கட்டுரைகளின் மேல்தான் பெரும்பாலும் நிற்கின்றன.

அச்சேற்றுமுன் அறிவுடையோர் ஆராய வேண்டும் என்னும் எண்ணம் தமிழருக்குப் புதிதன்று. ஒரு நூலைப் புலவர் அவையில் படித்துக் காட்டி, அங்கே எழும் தடைகளுக்கு விடை சொல்லி, அவை ஒப்புக்கொண்ட பிறகே அது நூலாக நிலைத்தது. அதனை அரங்கேற்றம் என்றோம். தொல்காப்பியம் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் பாயிரம் கூறுகிறது. தருமிக்குப் பாட்டெழுதித் தந்தவர் சிவபெருமானே என்று தெரிந்தும் நக்கீரர் குற்றம் கண்ட கதையை நம் பிள்ளைகளும் அறிவார்கள். கதை புராணமாக இருக்கலாம். ஆராய்கிறவர் எழுதியவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்னும் கருத்து அதில் தெளிவாக இருக்கிறது.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். 1847ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்னும் வழக்கறிஞர் அந்நகரில் ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். இந்தியத் தீவுக்கூட்டத்தையும் கிழக்காசியாவையும் பற்றிய இதழ் அது. மொழி, மண், மக்கள், பயிர் என்று பலவும் அதில் எழுதப்பட்டன. 'இந்தோனேசியா' என்னும் சொல்லை லோகன் 1850இல் அந்த இதழில்தான் எடுத்து வழங்கினார். ஓர் இதழில் அச்சான சொல் நூறாண்டுக்குள் ஒரு நாட்டின் பெயராகிவிட்டது. அச்செழுத்தின் வலிமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? பிறகு 1877இல் அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை சிங்கப்பூரில் தோன்றி, மறு ஆண்டிலிருந்து தன் இதழை வெளியிட்டது. அதன் வழி வந்த இதழ் மலேசியக் கிளையின் பெயரில் இன்றும் வெளிவருகிறது.

இவற்றையெல்லாம்விட நம் வாழ்வைத் தொட்ட இதழ் ஒன்று உண்டு. அது சிங்கப்பூர் பூமலையில், அதாவது தாவரவியல் பூங்காவில் பிறந்தது. 1877இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து இருபத்திரண்டு ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் பூங்காவின் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி அந்த மரங்களை விடாமல் ஆராய்ந்தார். மரப்பட்டையைக் கண்டபடி கொத்தினால் மரம் கெட்டுவிடும், பாலும் குறையும். முதலில் போட்ட வெட்டின் விளிம்பையே நாள்தோறும் மெல்லச் சீவிவந்தால் மரமும் பிழைக்கும், பாலும் கூடும், விடியற்காலை வெட்டே நல்லது என்று அவர் கண்டார். கருக்கலில் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நம் தாத்தாவும் பாட்டியும் நிரைக்குப் போனதற்குக் காரணம் இந்தக் கண்டுபிடிப்புத்தான்.

ரிட்லி இதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1891இல் தொடங்கிய மலாயாத் தீபகற்ப விவசாய இதழில் தம் ஆய்வுகளை எழுதினார். ரப்பர் நடுங்கள் என்று அவர் தோட்ட முதலாளிகளை விடாமல் வற்புறுத்தியதால் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே அவரை அழைத்தார்களாம். 1896இல் மலாக்காவைச் சேர்ந்த தான் சாய் யான் என்பவர் துணிந்து ரப்பர் பயிரிட்டார். அதன் பிறகு நடந்தது நம் எல்லாருடைய குடும்ப வரலாறு. காடு அழிந்தது, தோட்டம் எழுந்தது, தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆள் வந்தது. ரிட்லியின் இதழ் பின்னாளில் பெயர் மாறி, 'சிங்கப்பூர்ப் பூங்கா இதழ்' என்று இன்றும் வருகிறது. இப்போது அதில் வரும் கட்டுரைகளை வேறு அறிஞர்கள் படித்து ஒப்பிய பிறகே அச்சிடுகிறார்கள்.

ரிட்லி காலத்தில் அப்படியொரு முறை அந்த இதழுக்குத் தேவைப்படவில்லை எனலாம். அவர் எழுதியது சரியா தவறா என்பதைக் கத்தியும் மரமும் சொல்லிவிடும். வெட்டிப் பார்த்தால் பால் வரவேண்டும். வராவிட்டால் எழுதியது பொய். ஆனால் அறிவியல் வளர வளர, எல்லாவற்றையும் எல்லாரும் வெட்டிப் பார்க்க முடியாமற் போயிற்று. ஒரு மருந்து பத்தாண்டு கழித்து என்ன செய்யும் என்பதைத் தோட்டத்தில் இருக்கும் நாம் எப்படிச் சோதிப்பது? ஆகவே நமக்காகச் சோதித்துப் பார்க்கும் ஒருவர் தேவைப்பட்டார்.

அவரே மதிப்பீட்டாளர். 1665இல் லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் என்பவர் அறிவியல் இதழொன்றைத் தொடங்கினார். எதை அச்சிடலாம் என்று அப்போது அவரே முடிவு செய்தார். அடுத்த நூற்றாண்டில் அந்தப் பொறுப்பு ஒரு குழுவுக்குப் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டுரையை வெளியாருக்கு அனுப்பி எழுத்தில் கருத்துக் கேட்கும் வழக்கம் வேரூன்றியது. ஆயினும் எல்லா இதழ்களும் அதை உடனே ஏற்கவில்லை. 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற இதழ்கூட 1973இல்தான் அதை ஒழுங்கான விதியாக்கியது.

இதில் ஒரு சுவையான நிகழ்ச்சியும் உண்டு. 1936இல் மாமேதை ஐன்ஸ்டைன், ஈர்ப்பு அலைகள் பற்றி ரோசன் என்பவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையை அமெரிக்க இதழொன்றுக்கு அனுப்பினார். இதழாசிரியர் அதை மதிப்பீட்டாளர் ஒருவரிடம் காட்டினார். அவர் பிழை ஒன்றைச் சுட்டினார். தம்மைக் கேளாமல் பிறரிடம் காட்டியதற்காக ஐன்ஸ்டைன் கோபித்துக்கொண்டு கட்டுரையைத் திரும்பப் பெற்றார். ஆனால் பிழை பிழைதானே! மறு ஆண்டு வேறோர் இதழில் அக்கட்டுரை வந்தபோது முடிவு திருத்தப்பட்டிருந்தது. உலகமே வணங்கும் அறிவுக்கும் இன்னொரு கண் தேவைப்படுகிறது.

மதிப்பீடு எப்படி நடக்கிறது? நம் பிள்ளைகள் எஸ்.பி.எம். தேர்வு எழுதும்போது விடைத்தாளில் பெயர் எழுதுவதில்லை, எண் மட்டுமே. திருத்துகிறவர் யார் என்பது பிள்ளைக்குத் தெரியாது. ஆய்விதழிலும் ஏறக்குறைய அப்படித்தான். இதழாசிரியர் கட்டுரையை அதே துறை அறிந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். பெரும்பாலும் அவர்கள் பெயர் எழுதியவருக்குத் தெரியாது. சில இதழ்களில் எழுதியவர் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. முறை சரியா, கணக்கு சரியா, சொல்லும் முடிவுக்குச் சான்று போதுமா என்று பார்த்து எழுதுவார்கள். பொதுவாக இதற்குக் கூலி இல்லை. நம் கட்டுரையை முன்பு ஒருவர் படித்தாரே, நாமும் ஒருவருடையதைப் படிப்போம் என்னும் கடமையுணர்ச்சியால் நடப்பது அது.

இங்கேதான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். தோட்டத்து ஸ்டோரில் பால் நிறுப்பதை நினைத்துப் பாருங்கள். வாளியில் எவ்வளவு பால் என்று மட்டும் பார்ப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு, உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று மாதிரி எடுத்துப் பார்த்த பிறகே கணக்கு எழுதுகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் தராசைப் பிடிக்கும் கை நேர்மையாக இல்லாவிட்டால்? தொழிலாளியின் ஒரு நாள் உழைப்பு அந்த முள்ளின் நுனியில் தொலைந்துபோகும். மதிப்பீட்டு முறையும் அப்படியே. எழுதுகிறவர், மதிப்பிடுகிறவர், இதழாசிரியர் ஆகிய மூவரிடமும் நேர்மை இருந்தால்தான் அது உரைகல், இல்லையேல் வெறுங்கல்.

நேர்மை தவறினால் என்னவாகும் என்பதற்கு இரண்டு சான்றுகள் பார்ப்போம். 1998இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் பன்னிரண்டு குழந்தைகளைப் பற்றிய கட்டுரை ஒன்று வந்தது. சின்னம்மை அல்ல, மணல்வாரியாகிய தட்டம்மைக்கும் பொன்னுக்குவீங்கிக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசிக்கும் ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாட்டுக்கும் தொடர்பு உண்டோ என்ற அச்சத்தை அது கிளப்பிவிட்டது. பெற்றோர் பலர் ஊசி போட மறுத்தனர். ஒழிந்துவரும் நோய் மீண்டும் தலைகாட்டிற்று. பின்னர்ப் பெரிய ஆய்வுகள் பல செய்தும் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. அந்தக் கட்டுரையை இதழ் விலக்கிக்கொண்டது 2010 பிப்ரவரியில். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

இரண்டாவது நம் தோட்டத்துக்கு இன்னும் அருகில் உள்ளது. கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியை முதுகில் தோம்பு சுமந்து தெளித்த பெண்கள் நம் வீடுகளில் உண்டு. அது மனிதருக்குத் தீங்கற்றது என்று கூறும் கட்டுரை ஒன்று 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்விதழில் வந்தது. பல நாட்டு அதிகாரிகளும் அதை மேற்கோள் காட்டினார்கள். 2017இல் அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றில் வெளியான கடிதங்கள், மருந்தைத் தயாரித்த நிறுவனத்தின் ஆட்களே அக்கட்டுரையை எழுதுவதில் மறைவாகக் கைவைத்திருக்கலாம் என்று காட்டின. 2025இல் அந்த இதழ் கட்டுரையை விலக்கிக்கொண்டது. ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கட்டுரை விலக்கப்பட்டதால் மட்டும் மருந்து நஞ்சென்று முடிவாகிவிடாது. அதைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் விற்கிறவர் எழுதியதை நடுநிலையாளர் எழுதியது என்று காட்டினால், தோம்பு சுமந்தவளுக்கு உண்மையை அறியும் உரிமை மறுக்கப்பட்டது என்றே பொருள். இருபத்தைந்து ஆண்டு என்பது ஒரு தொழிலாளியின் பாதி உழைப்புக் காலம் அல்லவா?

இத்தகைய கேடுகள் பெருகவே, உலக அறிஞர்கள் ஒன்றுகூடிப் பேசத் தொடங்கினர். ஆய்வு நேர்மை பற்றிய முதல் உலக மாநாடு 2007இல் லிஸ்பனில் நடந்தது. இரண்டாவது மாநாடு 2010 ஜூலை 21 முதல் 24 வரை சிங்கப்பூரில் கூடியது. ஐம்பத்தொரு நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய முந்நூற்று நாற்பது பேர் வந்திருந்தனர். ஒவ்வொரு நாட்டிலும் வழக்கம் வேறு, சட்டம் வேறு. எல்லாருக்கும் பொதுவாகச் சிலவற்றையேனும் சொல்ல முடியுமா என்று அவர்கள் ஆராய்ந்தனர். நிக்கோலஸ் ஸ்டெனெக், டோனி மேயர், மெலிசா ஆண்டர்சன் ஆகியோர் வரைவை வகுப்பதில் முன்னின்றனர். அதே ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் 'ஆய்வு நேர்மை பற்றிய சிங்கப்பூர் அறிக்கை' உலகுக்கு வெளியிடப்பட்டது.

அந்த அறிக்கை மிகச் சிறியது; ஒரு தாளில் அடங்கிவிடும். அதில் நான்கு நெறிகளும் பதினான்கு பொறுப்புகளும் உள்ளன. நெறிகளை நம் சொல்லில் சொன்னால் இப்படி அமையும்: ஆய்வின் எந்தக் கட்டத்திலும் உண்மையாயிரு. செய்ததற்குப் பொறுப்பேற்றுக்கொள். உடன் உழைப்பவரிடம் பண்போடும் நியாயத்தோடும் நட. பிறருக்காக உன்னிடம் ஒப்படைத்த ஆய்வை நல்ல காப்பாளனாக இருந்து பேணு. பொறுப்புகளில் சில நம் கருத்துக்கு உரியவை. உழைத்தவர் பெயரை விடக் கூடாது. உழைக்காதவர் பெயரைச் சேர்க்கக் கூடாது. பிறர் கட்டுரையை மதிப்பிடுகிறவர் நடுநிலையோடும் காலந்தாழ்த்தாமலும் ஆழமாகவும் படிக்க வேண்டும். படித்ததை வெளியே விடக் கூடாது. பணத் தொடர்பு இருந்தால் மறைக்கக் கூடாது. முறைகேட்டைக் கண்டவர் உரிய இடத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தவரைக் காக்க வேண்டும்.

அதே மாநாட்டில் கட்டுரை எழுதுவோருக்கும் இதழாசிரியருக்கும் உரிய நெறிமுறைகள் தனித்தனியே வகுக்கப்பட்டன. எலிசபெத் வேகர், சபீன் கிளைனர்ட் ஆகிய இருவர் அவற்றைத் தொகுத்தனர். 1997இல் பிரிட்டனில் சில இதழாசிரியர்கள் தொடங்கிய வெளியீட்டு நெறிமுறைக் குழுவின் தலைவராக அப்போது இருந்தவர் வேகர். தவறு தெரிந்தால் திருத்தவோ விலக்கவோ இதழாசிரியர் தயங்கக் கூடாது, விளம்பரமோ வருமானமோ அவர் தீர்ப்பைத் திருப்பக் கூடாது என்பன அவற்றுள் முக்கியமானவை.

ஊருக்கு உபதேசம் சொல்லிவிட்டு வீட்டை மறந்தார்களா என்று நேயர்கள் கேட்கலாம். சோதனை விரைவிலேயே வந்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் தன்னிடம் முன்பு பணியாற்றிய விஞ்ஞானி ஒருவரின் கட்டுரைகளை நெடுநாள் விசாரித்து, இருபத்தொரு கட்டுரைகளில் முறைகேடு இருந்ததாக 2012இல் வெளிப்படையாக அறிவித்தது. 2016இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒருவருக்குக் கொடுத்த முனைவர் பட்டத்தையே திரும்பப் பெற்றது. பெயர் கெடுமே என்று மூடி மறைத்திருக்கலாம். மறைக்காமல் சொன்னதால்தான் அந்தத் தாளில் எழுதிய சொல்லுக்கு மதிப்பு வந்தது.

ஆனால் அறிக்கை எழுதிவிட்டால் திருடன் திருந்திவிடுவானா? சிங்கப்பூர் அறிக்கை சட்டமன்று; மீறியவரைச் சிறையிலிடும் அதிகாரம் அதற்கில்லை. பணம் கட்டினால் எதையும் அச்சிடும் போலி இதழ்கள் பெருகின. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் என்னும் இதழ் நிறுவனம், கட்டுரைகளை முறையாக மதிப்பிடுவதாகப் பொய் சொல்லி ஆய்வாளர்களை ஏமாற்றியதற்காக ஐந்து கோடி டாலருக்கு மேல் செலுத்த வேண்டும் என்று 2019இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்னும் சிலர் மதிப்பீட்டாளர் பெயரில் போலி மின்னஞ்சல் முகவரி உண்டாக்கி, தம் கட்டுரையைத் தாமே புகழ்ந்து எழுதிக்கொண்டனர். பொன்னைக் கொண்டுவந்தவனே உரைகல்லையும் கொண்டுவந்த கதை இது! 2023ஆம் ஆண்டில் மட்டும் உலக முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் விலக்கப்பட்டன.

இதைக் கேட்டு, ஆராய்ச்சியே பொய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கள்ளப் பணம் பிடிபடுகிறது என்றால் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்று பொருள். விலக்கப்பட்ட பத்தாயிரம் கட்டுரைகளையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து மறுபடி படித்திருக்கிறார். அந்த உழைப்பும் நமக்காகவே.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? ஆய்விதழ் நம் கைக்கு வருவதில்லை. வந்தாலும் அதன் மொழி எளிதன்று. ஆனால் கேள்வி கேட்க யாரும் தடையில்லை. "ஆராய்ச்சியில் சொல்கிறார்கள்" என்று ஒருவர் வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த இதழில் வந்தது? மற்ற அறிஞர் பார்த்தார்களா? செலவுக்குப் பணம் கொடுத்தது யார்? வேறு யாரேனும் செய்து பார்த்து அதே முடிவைக் கண்டார்களா? களைக்கொல்லி விற்பவரிடமும் கேளுங்கள். கைத்தொலைபேசியில் மருத்துவம் சொல்பவரிடமும் கேளுங்கள். சுகாதார நிலையத்துத் தாதியிடமோ மருத்துவரிடமோ விளக்கம் பெறுங்கள்.

இன்று நம் தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். அவர்களில் சிலர் நாளை கட்டுரை எழுதுவார்கள். சிலர் பிறர் கட்டுரையை மதிப்பிடுவார்கள். அந்தப் பழக்கம் பல்கலைக்கழகத்தில் திடீரென்று வருவதன்று. பக்கத்துப் பிள்ளையின் கணக்கைப் பார்த்து எழுதாமல் இருப்பதில் அது தொடங்குகிறது. ஆசிரியர் கரும்பலகையில் எழுதியது தவறென்றால் மரியாதையோடு எழுந்து சொல்வதில் வளர்கிறது. எழுந்து சொல்லும் பிள்ளையை உட்காரச் சொல்லாமல் இருப்பது ஆசிரியர்களாகிய நம் கடமை.

அடுத்த முறை சிராங்கூன் சாலைக்குப் போகிறவர்கள் கடைகளோடு திரும்பிவிட வேண்டாம். அங்கிருந்து விக்டோரியா தெருவிலுள்ள தேசிய நூலகத்துக்கு நடந்தே போய்விடலாம். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் அச்சான எழுத்துகள் அங்கே காக்கப்பட்டிருக்கின்றன. 1887இல் வெளிவரத் தொடங்கிய 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் இதழும் அவற்றுள் ஒன்று. அச்சான எழுத்து எவ்வளவு காலம் வாழ்கிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காணட்டும். அவ்வளவு காலம் வாழப்போவது பொய்யாக இருக்கலாமா என்று அவர்களையே கேளுங்கள்.